டிவிடி ரைட்டர்: உள்ளே பொருத்துவதா, வெளியே செருகுவதா?

வீட்டில் டெஸ்க்டாப் இருந்தால் கேபினெட்டுக்குள் பொருத்தும் சாட்டா (மதர்போர்டோடு இணைக்கும் கேபிள் வகை) ரைட்டரைத்தான் சொல்வேன். மின்சாரம் நேரே பவர் சப்ளையிலிருந்து வருகிறது. எழுதும் நடுவில் தடுமாறாது. வேகமும் 24எக்ஸ் வரை, அதாவது டிவிடியின் அடிப்படை வேகத்தைப்போல் 24 மடங்கு வரை போகும். ஆனால் கல்யாண வீடியோ போன்றவற்றை நான் 8எக்ஸில்தான் எழுதுவேன், அவசரம் வேண்டாம்.

யூஎஸ்பியில் செருகும் மெலிந்த ரைட்டர் பெரும்பாலும் 8எக்ஸ்தான். 4.7 ஜிபி டிஸ்க் நிறைய ஏறத்தாழ பத்து நிமிடம் ஆகும், அது பரவாயில்லை. சிக்கல் மின்சாரத்தில். யூஎஸ்பி 2.0 போர்ட் தர வேண்டியது 500 மில்லியாம்பியர்; லேசர் எழுதும்போது அதற்கு மேல் கேட்கும். முன்பக்கப் போர்ட்டிலோ ஹப்பிலோ செருகினால் டிஸ்க் பாதியில் வீணாகலாம். பின்பக்கப் போர்ட்டில் செருகுங்கள். லேப்டாப்புக்கு, சரி, வேறு வழியில்லை.