நீண்ட தூர வேட்டை ரைஃபிளுக்கு எத்தனை அங்குலக் குழல்? 20, 22, 24, 26 – ஓர் ஒப்பீடு

கொலராடோவிலோ மொன்டானாவிலோ எல்க் மான் வேட்டைக்கென்று ஒரு ரைஃபிளைச் சொல்லிச் செய்யக் கொடுப்பவர்கள், தோட்டா எது, ஸ்கோப் (குறிபார்க்கும் தொலைநோக்கி) எது என்பதையெல்லாம் எளிதாக முடிவு செய்துவிடுகிறார்கள். குழல் நீளம் என்று வரும்போதுதான் பேனா நின்றுவிடுகிறது. ஆளுக்கு ஒரு பதில் சொல்வார்கள். என் பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: குழல் வாயில் சப்ரஸர் (வெடிச்சத்தத்தைக் குறைக்கும் உருளை) மாட்டப் போகிறீர்கள் என்றால் 22 அங்குலம். மாட்டவே போவதில்லை என்றால் 24. 26ஐயோ 20ஐயோ எடுப்பதற்குத் தனியாக ஒரு காரணம் வேண்டும்.

(இந்தியாவில் 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்துக்குப் பிறகு இந்தப் பேச்சுக்கே இடமில்லை. இங்கே சொல்வதெல்லாம் அமெரிக்காவின் மேற்கு மாநிலங்களில், உரிமம் பெற்று, பருவகாலக் கட்டுப்பாட்டுக்குள் நடக்கும் வேட்டையைப் பற்றியது.)

ஒப்பிட ஒரு தோட்டா வேண்டும். 7 பிஆர்சியை எடுத்துக்கொள்கிறேன். ஹார்னடி நிறுவனம் 2022இல் கொண்டுவந்தது. இப்போது எல்க் வேட்டைக்காரர்கள் அதிகம் கேட்கும் தோட்டாக்களில் ஒன்று. 175 கிரெய்ன் (சுமார் 11 கிராம்) எடையுள்ள இஎல்டி-எக்ஸ் என்ற வேட்டைக் குண்டு, 24 அங்குலச் சோதனைக் குழலிலிருந்து விநாடிக்கு 3000 அடி வேகத்தில் கிளம்பும் என்று நிறுவனம் சொல்கிறது. இதுபோன்ற மேக்னம் (வெடிமருந்து அதிகமுள்ள) தோட்டாக்களில் குழல் ஓர் அங்குலம் குறைந்தால் வேகம் 20 முதல் 30 அடி வரை குறையும். நடுவாக 25 என்று வைத்துக்கொண்டால் கணக்கு இப்படி வரும். மொத்த நீளம், ரெமிங்டன் 700 வகை நீள ஆக்‌ஷனும் (தோட்டாவை ஏற்றிச் சுடும் இயங்குபகுதி) தோளில் அணைக்கும் வழக்கமான கட்டையும் கொண்ட ரைஃபிளுக்கு. சப்ரஸர் 8 அங்குலம்.

| குழல் | வேகம் (விநாடிக்கு அடி, உத்தேசம்) | மொத்த நீளம் | சப்ரஸரோடு |
|---|---|---|---|
| 26 அங்குலம் | 3050 | 46.5 | 54.5 |
| 24 அங்குலம் | 3000 | 44.5 | 52.5 |
| 22 அங்குலம் | 2950 | 42.5 | 50.5 |
| 20 அங்குலம் | 2900 | 40.5 | 48.5 |

நீளமான குழல் குறி தவறாதா?

இந்த நம்பிக்கை இன்னும் உயிரோடு இருக்கிறது. இரும்புக் குறிகளை வைத்துச் சுட்ட காலத்தில் அதில் நியாயம் இருந்தது. முன்குறிக்கும் பின்குறிக்கும் இடையே தூரம் கூடக் கூட, கண் செய்யும் பிழை குறையும். ஸ்கோப் வந்த பிறகு அந்தக் கணக்குக்கு வேலையில்லை.

உண்மையில் விறைப்பு விஷயத்தில் குட்டைக் குழலுக்கே சாதகம். ஒரே தடிமனுள்ள உலோகத் தண்டின் நுனியில் ஒரு பாரத்தைத் தொங்கவிட்டால், அது வளையும் அளவு நீளத்தின் மூன்றாம் அடுக்கோடு கூடும். 20 அங்குலக் குழல் வளைவதைப் போல 26 அங்குலக் குழல் இரண்டு மடங்குக்கும் மேல் வளையும். நுனியில் சப்ரஸர் என்ற பாரம் உட்காரும்போது இது வெறும் பாடப்புத்தகக் கணக்கு இல்லை. மாட்டினால் ஓரிடம், கழற்றினால் வேறிடம் என்று குண்டு விழும் இடம் மாறுவது மெலிந்த நீளக் குழல்களில்தான் அதிகம். இதற்காக நீளக் குழல் குறி தவறும் என்று சொல்ல வரவில்லை. நல்ல 26 அங்குலக் குழல் அற்புதமாகச் சுடும். துல்லியத்துக்காக என்று சொல்லி நீளத்தைக் கூட்ட வேண்டியதில்லை, அவ்வளவுதான்.

100 அடி வேகம் போனால் என்ன போகிறது?

24இலிருந்து 20க்கு இறங்கினால் விநாடிக்கு ஏறத்தாழ 100 அடி போகிறது. கேட்கப் பெரிதாக இருக்கிறது. களத்தில் அது என்ன என்று பார்ப்போம்.

தாழ்வான நிலத்தில் இந்தக் குண்டு ஒவ்வொரு 100 கஜத்துக்கும் விநாடிக்கு 110 முதல் 140 அடி வரை வேகம் இழக்கிறது. அப்படியானால் 100 அடி வேகத்தை விட்டுக்கொடுப்பது, விலங்கு சுமார் 75 அல்லது 80 கஜம் தள்ளி நிற்பதற்குச் சமம். 500 கஜத்தில் நிற்கும் எல்க், குட்டைக் குழல்காரருக்கு 580 கஜத்தில் நிற்பதுபோல. எல்க் வாழும் 9000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் இருப்பதில் முக்கால் பங்குதான். அங்கே குண்டு வேகத்தை இன்னும் மெதுவாகவே இழக்கும்.

இதே இரண்டு குழல்களோடு 600 கஜத்துக்குப் போவோம். குண்டு விழும் உயரத்தில் சுமார் 5 அங்குல வித்தியாசம் வரும். அது ஸ்கோப் திருகில் சரியாகிவிடும். தூரமானி தூரத்தைச் சொல்கிறது, உங்கள் ரைஃபிளின் உண்மையான வேகம் கணக்கில் இருக்கிறது, திருகினால் முடிந்தது. திருகிச் சரிசெய்ய முடியாதது காற்று. மணிக்கு 10 மைல் பக்கக் காற்றில் 24 அங்குலக் குழலின் குண்டு ஏறத்தாழ 17 அங்குலம் தள்ளப்படும். 20 அங்குலக் குழலின் குண்டு அதைவிட ஓர் அங்குலத்துக்கும் குறைவாகவே கூடுதலாகத் தள்ளப்படும். காற்றை மணிக்கு 2 மைல் தப்பாகக் கணித்தாலோ, 3 அங்குலத்துக்கும் மேல் விலகிவிடும். பள்ளத்தாக்குக்கு அந்தப் பக்கம் வீசும் காற்றை 2 மைல் துல்லியத்தில் சொல்லக்கூடியவர்கள் மிகச் சிலரே. நீளக் குழல் தரும் ஆதாயம், காற்றைக் கணிப்பதில் வரும் பிழையில் மூன்றில் ஒரு பங்குகூட இல்லை.

இன்னொன்றையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். ஒரே நிறுவனம் செய்த, ஒரே நீளமுள்ள இரண்டு குழல்களே விநாடிக்கு 50 அடி வரை வேறுபடுவது உண்டு. சில குழல்கள் வேகமானவை, சில மெதுவானவை. சுட்டுப் பார்த்தால்தான் தெரியும். இரண்டு அங்குலத்தைக் கூட்டி நாம் வாங்க நினைக்கும் வேகம், உங்களுக்கு வாய்க்கும் குழலின் இயல்பிலேயே கரைந்துபோகலாம்.

குட்டைக் குழலுக்கு விரைவாக எரியும் வெடிமருந்து வேண்டும் என்று சொல்வதையும் கேட்டிருப்பீர்கள். பொதுவாக அப்படி இல்லை. நீளக் குழலில் அதிக வேகம் தந்த மருந்துதான் குட்டைக் குழலிலும் அதிக வேகம் தரும். வாயில் நெருப்பும் சத்தமும் கூடும், வேக வரிசை மாறாது.

வேகம் உண்மையிலேயே தேவைப்படும் இடம்

வேட்டைக் குண்டு விலங்கின் உடலில் பட்டதும் விரிய வேண்டும். விரியாமல் ஊசிபோலத் துளைத்துப் போனால் விலங்கு அடிபட்டபடியே ஓடிவிடும், மணிக்கணக்கில் துடிக்கும். நீளக் கணக்கில் விலங்கின் மேல் அக்கறை நேரடியாகச் சேரும் இடம் இதுதான். இதில் சமரசம் கூடாது. ஈயக் கருவுள்ள பெரும்பாலான நீண்ட தூர வேட்டைக் குண்டுகள் நம்பகமாக விரிய, படும்போது விநாடிக்கு 1800 அடி வேகமாவது இருப்பது நல்லது. முழுக்கச் செம்பால் ஆன குண்டுகள் பலவற்றுக்கு 2000 அடி என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பு.

ஆகவே கணக்கைத் தலைகீழாகப் போட வேண்டும். நீங்கள் சுடப்போகும் அதிகபட்ச தூரம் எது? அங்கே குண்டுக்கு எவ்வளவு வேகம் தேவை? அதற்குக் குழல் வாயில் எவ்வளவு வேகம் வேண்டும்? நீளம் அதன் பிறகுதான் வர வேண்டும்.

7 பிஆர்சியில் 24 அங்குலக் குழல், கடல் மட்டத்திலேயே சுமார் 975 கஜம் வரை 1800 அடியைத் தக்கவைக்கும். 20 அங்குலக் குழல் சுமார் 900 கஜம் வரை. உயிருள்ள விலங்கை அந்தத் தூரத்தில் சுடுவதை நான் ஏற்பதில்லை. குண்டு போய்ச் சேர ஒரு விநாடிக்கு மேல் ஆகும். அதற்குள் எல்க் ஓர் அடி எடுத்து வைத்தாலே இதயத்தில் பட வேண்டியது வயிற்றில் படும். பொறுப்பான தூரத்துக்குள் நான்கு குழல்களுமே வேலையைச் செய்துவிடுகின்றன.

6.5 கிரீட்மூருக்கு வந்தால் கணக்கு இறுகுகிறது. 2007இல் வந்த இந்தத் தோட்டாவில் மருந்து குறைவு, சுடும்போது தோளில் வரும் உதையும் குறைவு. 143 கிரெய்ன் குண்டு 24 அங்குலக் குழலிலிருந்து 2700 அடியில் கிளம்பி, 700 கஜத்துக்குச் சற்று முன்பே 1800க்கு இறங்கிவிடும். 20 அங்குலக் குழலில் அந்த எல்லை 600 கஜத்தை ஒட்டி வரும். 400 கஜத்துக்கு மேல் மானைச் சுடுவதில்லை என்று இருப்பவருக்கு இது தாராளம். ஆனால் அதே ரைஃபிளில் செம்புக் குண்டு போட வேண்டியவர் யோசிக்க வேண்டும். கலிஃபோர்னியாவில் 2019 ஜூலை முதல் வேட்டைக்கு ஈயக் குண்டு முழுமையாகத் தடை. அந்த மாநிலத்தில் பொதுமக்கள் சப்ரஸர் வைத்திருக்கவும் சட்டம் அனுமதிப்பதில்லை. குழலைக் குட்டையாக்கக் காரணம் இல்லை, நீளமாக வைத்துக்கொள்ளக் காரணம் இருக்கிறது. அங்கே இருப்பவருக்கு 24 அங்குலத்தைத் தயங்காமல் சொல்வேன்.

சப்ரஸர்தான் கேள்வியையே மாற்றியது

ஒரு தலைமுறைக்கு முன் நீண்ட தூர ரைஃபிள் என்றால் 26 அங்குலம் என்பது கிட்டத்தட்ட விதி. வெதர்பி நிறுவனம் தன் மேக்னம் தோட்டாக்களின் வேகத்தை 26 அங்குலக் குழலில் அளந்துதான் அச்சிட்டது. இன்றும் தோட்டாப் பெட்டியில் போட்டிருக்கும் வேகத்தைப் பார்த்தால், எந்த நீளத்தில் அளந்தது என்று முதலில் பாருங்கள். 26இல் அளந்த எண்ணை உங்கள் 22 அங்குலக் குழலுக்கு எதிர்பார்த்தால், முதல் நாள் குரோனோகிராஃப் (குண்டின் வேகத்தை அளக்கும் கருவி) முன்னால் ஏமாற்றம்தான்.

அமெரிக்காவில் 1934ஆம் ஆண்டுச் சட்டப்படி சப்ரஸர் வாங்க 200 டாலர் வரியும் கூட்டாட்சிப் பதிவும் வேண்டியிருந்தது. 2026 ஜனவரி 1 முதல் அந்த வரி பூஜ்ஜியம், பதிவு தொடர்கிறது. கொலராடோ, வயோமிங், மொன்டானா மூன்றிலும் சப்ரஸரோடு வேட்டையாடலாம். மேக்னம் ரைஃபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபலைத் தாண்டும். 140க்கு மேல் ஒரே வெடி போதும், காது கெட. உதையைக் குறைக்க மசில் பிரேக் (வெடிவாயுவைப் பக்கவாட்டில் திருப்பும் முனை) மாட்டினால் பக்கத்தில் படுத்திருக்கும் வழிகாட்டிக்குத்தான் தண்டனை. சப்ரஸர் சத்தத்தையும் உதையையும் சேர்த்தே குறைக்கிறது. வாங்க முடிகிறவர் எல்லோரும் வாங்க வேண்டும் என்பது என் கருத்து. ஸ்கோப்புக்குச் செலவிடும் பணத்தில் கொஞ்சம் குறைத்தாவது.

ஆனால் சப்ரஸர் 7 முதல் 9 அங்குலம் நீளம். மேலே அட்டவணையின் கடைசிப் பத்தியைப் பாருங்கள். 54.5 அங்குலம் என்றால் நாலரை அடிக்கு மேல். குதிரைச் சேணத்து உறையில் அடங்காது. முதுகுப் பையில் கட்டினால் தலைக்கு மேல் நீட்டிக்கொண்டு பைன் கிளைகளிலெல்லாம் மாட்டும். 22 அங்குலக் குழலும் சப்ரஸரும் சேர்ந்தாலே, வெறும் 26 அங்குல ரைஃபிளைவிட 4 அங்குலம் நீளம். எடையும் அப்படித்தான்: எஃகுக் குழலின் நுனிப் பகுதி அங்குலத்துக்கு 30 முதல் 40 கிராம் இருக்கும். 4 அங்குலம் வெட்டினால் இலகுவான டைட்டானியம் சப்ரஸரின் எடையில் பாதிக்கு அருகே ஈடாகிவிடும்.

அப்படியானால் யாருக்கு எது?

26 அங்குலம், 28 நோஸ்லர் போன்ற தோட்டாக்களுக்கு. சிறிய துளைக்குப் பின்னால் 80 கிரெய்ன் அளவுக்கு மருந்தை எரிக்கும் தோட்டா அது. அங்குலத்துக்கு அது இழக்கும் வேகமும் அதிகம். அதை 20 அங்குலக் குழலில் போடுவதைவிடச் சிறிய தோட்டாவையே எடுத்துக்கொள்ளலாம். வயோமிங்கின் திறந்த புல்வெளியில், வண்டியிலிருந்து அதிகம் நடக்காமல் ஆன்டிலோப் வேட்டையாடுபவருக்கும் 26 பொருந்தும்.

20 அங்குலம் 6.5 கிரீட்மூர், .308 வின்செஸ்டர் போன்றவற்றுக்கு அருமை. அடர்ந்த மரங்களுக்குள் நடப்பவர்களுக்கு இன்னும் அருமை. 7 பிஆர்சியில் 20 வேண்டுமென்றால் சப்ரஸர் கழற்றாமல் இருக்க வேண்டும். வெறும் குழலில் அந்த நீளத்துக்கு வரும் வெடிச்சத்தம் கொடுமை.

22க்கும் 24க்கும் இடையில்தான் உண்மையான போட்டி. வித்தியாசம் விநாடிக்கு 50 அடியும் ஒரு 70 கிராமும். சப்ரஸர் இருக்கிறதா இல்லையா என்பதைத் தவிர இவற்றைப் பிரிக்க வேறு நல்ல அளவுகோல் எனக்குத் தெரியவில்லை. இப்போது இல்லை, பின்னால் வாங்கலாம் என்று இருப்பவர் எஃகுக் குழலில் 24 அங்குலம் சொல்லி, வாயில் மரையும் போட்டு வாங்கிக்கொள்ளட்டும். பிறகு எந்த நல்ல கன்ஸ்மித்தும் (துப்பாக்கித் தொழிலாளி) அதை 22க்கு வெட்டி, வாயைச் சீராக்கி, மரை போட்டுத் தருவார்.

கார்பன் இழை சுற்றிய குழலில் இந்த வசதி இல்லை. மொன்டானாவின் ப்ரூஃப் ரிசர்ச் போன்ற நிறுவனங்கள் செய்யும் அந்தக் குழல்களில் இழைச் சுற்று முடிந்து எஃகு வாய் தொடங்கும் இடம் தொழிற்சாலையிலேயே நிலைத்துவிடும். வாங்கிய பிறகு வெட்டிக் குட்டையாக்க முடியாது. கார்பன் என்று முடிவு செய்தவர் சப்ரஸரைப் பற்றிய முடிவையும் அன்றே எடுத்துவிட வேண்டும்.