அலெப்போ அவையில் இரண்டு 'நான்'
10ஆம் நூற்றாண்டு, சிரியாவின் அலெப்போ. மன்னர் சைஃப் அல்-தௌலாவின் அவையில் இரண்டு அரபுக் கவிஞர்கள்.

முத்தனப்பி ஈராக்கின் கூஃபா நகரில் தண்ணீர் சுமப்பவரின் மகன் என்பார்கள். அதிகாரம் கிடையாது, சொல் மட்டும்தான். மன்னரோடு மனக்கசப்பு வந்ததும் அவர் முன்னாலேயே பாடினார்: குதிரைகளும் இரவும் பாலைவனமும் என்னை அறியும், வாளும் ஈட்டியும், தாளும் எழுதுகோலும்கூட. பார்வையற்றவனே இவர் எழுத்தைப் பார்த்தானாம்! சம்பளம் வாங்கிப் புகழ வந்தவர் தன்னையே புகழ்ந்துகொண்டார். 957இல் கிளம்பியும் போய்விட்டார்.

அபூ ஃபிராஸ் மன்னரின் ஒன்றுவிட்ட தம்பி. பெருமை பிறப்பிலேயே உண்டு. 962இல் பைசாந்தியர் (கிழக்கு ரோமானியர்) பிடித்துத் தங்கள் தலைநகர் கான்ஸ்டான்டிநோபிளுக்குக் கொண்டுபோனார்கள். மீட்பு 966இல்தான். சிறையருகே கூவிய புறாவிடம் துயரத்தைப் பங்குபோட்டவர், இருட்டில் முழுநிலவைத் தேடுவதுபோல் என் மக்கள் என்னைத் தேடுவார்கள் என்றும் எழுதினார். எனக்கு இந்த அடிபட்ட கர்வம்தான் நெருக்கம்.