பனிக்காலக் கயோட்டி வேட்டைக்கு ஏஆர்-15 வகை ரைஃபிள்

அமெரிக்காவின் வடக்கு டகோட்டா மாநிலத்தின் திறந்த சமவெளியில், சுழியத்துக்குக் கீழே 25 டிகிரிக் குளிரில் கயோட்டி (ஓநாயை ஒத்த சிறிய காட்டு விலங்கு) வேட்டைக்குச் செல்பவர், ஒவ்வொரு குண்டுக்கும் பின் அடுத்த தோட்டாவைத் தானே ஏற்றிக்கொள்ளும் அரைத் தானியங்கி ரைஃபிளின் துல்லியத்தைப் பார்ப்பதற்கு முன், அது அந்தக் குளிரில் தடையின்றி இயங்குமா என்பதைப் பார்க்க வேண்டும். நான் இரண்டு குளிர்காலங்களாகப் பயன்படுத்திவரும், .223 ரெமிங்டன் தோட்டாவுக்கான ஏஆர்-15 வகை ரைஃபிள் இந்தச் சோதனையில் தேறியது. ஆனால் முதல் நாளே தேறிவிடவில்லை. அதில் ஏற்கெனவே பூசியிருந்த எண்ணெய் மெழுகுபோல் இறுகிவிட்டதால், முதல் குண்டு வெடித்ததும், முன்னும் பின்னும் நகர்ந்து தோட்டாவை ஏற்றும் போல்ட் பாதி வழியில் நின்றுவிட்டது; குறி தப்பிய கயோட்டி ஒருமுறை திரும்பிப் பார்த்துவிட்டுப் புதருக்குள் மறைந்தது. பழைய எண்ணெயை முழுவதும் துடைத்தெடுத்து, குளிர்ப் பிரதேசங்களுக்கான மெல்லிய எண்ணெயைத் துளியளவே தடவிய பிறகு, அந்தக் கோளாறு மீண்டும் வரவேயில்லை.

எனக்கு மிகவும் பிடித்தது, தடித்த கையுறையணிந்த விரலும் நுழையும்படி விசைக்காப்பை (சுடும் விசையைச் சுற்றியுள்ள வளையத்தை) கீழே சாய்த்துத் திறக்கும் வசதி. அப்படித் திறந்திருக்கும் விசையில் புதர்க்குச்சி பட்டாலும் ஆபத்து என்பதால், சுடும் கணம்வரை பாதுகாப்புப் பூட்டைப் போட்டே வைத்திருக்க வேண்டும்.

வேட்டை முடிந்ததும் ரைஃபிளை நேரே சூடான அறைக்குள் கொண்டுவந்தால், உலோகத்திலும், குறிபார்க்க அதன்மேல் பொருத்திய தொலைநோக்கியின் கண்ணாடியிலும் ஈரம் படிந்து, மறுநாள் அதுவே பனிக்கட்டியாக உறையும். ஆகவே, தோட்டாக்களை அகற்றி, பூட்டிய பெட்டியில், சூடேற்றப்படாத அறையிலேயே வைக்கிறேன்.