மிஸ்ஸிங் அடிச்ச 407-ம் மூலக்கடை பக்கம் போர்டு இல்லாத பாய் கடையும்

மெக்கானிக் கடை தான், ஆனா கடைக்கு பேரு கிடையாது, போர்டு கிடையாது, மேப்ல தேடினாலும் சிக்காது. சென்னைல மூலக்கடைல இருந்து மாதவரம் போற பக்கம் டயர் கடை, ஸ்பிரிங் பட்டறை எல்லாம் வரிசையா இருக்கும்ல, அது நடுவுல ஒரு தகர ஷெட். கேட்டா பாய் கடைனு காட்டுவாங்க. பழைய டீசல் வண்டி வெச்சிருக்கறவங்களுக்காக தான் இத எழுதறேன், புது பிஎஸ்-6 வண்டிக்காரங்க இதோட நிறுத்திக்கலாம், அத அவர் தொடவே மாட்டார்.

நம்மளது 2004 டாடா 407, 497 இன்ஜின். நாலு சிலிண்டர், 97 எம்எம் போர் (சிலிண்டர் ஓட்டையோட அகலம்), அதான் அந்த பேரு. காசிமேட்டுல மீன் ஏத்தி வில்லிவாக்கம் பக்கம் இறக்கறது தான் பொழப்பு. ஏப்ரல் 15-ல இருந்து 61 நாள் மீன்பிடி தடைக்காலம், வண்டிய வீட்டு வாசல்ல போட்டது போட்டபடி கிடந்துச்சு. போட் கடலுக்கு போக ஆரம்பிச்சு லோடு வந்ததும் சாவி போட்டா, ஸ்டார்ட் ஆச்சு, ஆனா ஆட்டம்னா ஆட்டம், கேபின்ல வெச்ச டீ கிளாஸ் தானா நகருது, பின்னாடி வெள்ளப்புகை, கண்ணு எரியற பச்சை டீசல் நாத்தம். சூடானா கொஞ்சம் அடங்கும். ஆனா ஐஸ் பெட்டியோட பேசின் பிரிட்ஜ் பாலம் ஏறும்போது டக் டக் டக்னு மிஸ்ஸிங், இன்ஜின் விட்டு விட்டு ஓடுது, இழுவையே இல்ல, பின்னாடி வர்றவன் ஹாரன் அடிச்சே கொல்றான்.

முதல்ல வேற ஒரு இடத்துல தான் விட்டேன், எங்கனு வேணாம். டீசல் ஃபில்டர் மாத்துனாங்க, ஏர் ஃபில்டர் மாத்துனாங்க, 3,400 ரூபா ஆச்சு, மிஸ்ஸிங் அப்படியே இருந்துச்சு. அப்புறம் டீசல் பம்ப் போயிடுச்சு, இறக்கி ஓவர்ஹால் பண்ணணும், 18,000 ஆகும்னாங்க. எப்படிண்ணே பம்ப்புனு கண்டுபிடிச்சீங்கனு கேட்டா, அனுபவம்ப்பானு ஒரே வார்த்தை. இன்னொருத்தர் ஸ்கேனர் போட்டு பாக்கலாம்னார், மெக்கானிக்கல் பம்ப் வண்டில ஸ்கேனர எங்க சொருகறது, ஆஷ்ட்ரேலயா?

பாய்ட்ட போனப்ப சாயங்காலம் 5 மணி. வண்டி சத்தத்த ஒரு நிமிஷம் கேட்டுட்டு ஆஃப் பண்ண சொன்னார். "தம்பி, சூட்டுல பாத்தா ஒண்ணும் தெரியாது. ராத்திரி இங்கயே விட்டுட்டு போ, காலைல நான் வர்றதுக்குள்ள சாவி போட்டுடாத." ஒரு நாள் லோடு போச்சேனு எனக்கு பேஜாரா தான் இருந்துச்சு.

காலைல 7 மணிக்கு பானட்ட தூக்கி, கையால டீசல் ஏத்தற ஹேண்ட் பிரைமர அடிச்சு, காத்து வெளிய விடற ப்ளீடிங் ஸ்க்ரூவ லூஸ் பண்ணி பாத்தார், நுரை வரல, டீசல் மட்டும் தான் வந்துச்சு. லைன்ல காத்து இல்ல. அப்புறம் ஸ்டார்ட் பண்ண சொல்லிட்டு, கொஞ்ச நேரத்துல ஒரு பிளாஸ்டிக் டம்ளர்ல தண்ணி எடுத்து, புகை வெளிய போற பைப்பு, அதான் மேனிஃபோல்டு, சிலிண்டருக்கு சிலிண்டர் பிரியற இடத்துல விரலால சொட்டு சொட்டா விட்டார். ஒண்ணாவது, ரெண்டாவது, நாலாவதுல சுர்ருனு காஞ்சுது. மூணாவதுல தண்ணி உருண்டு அப்படியே நின்னுச்சு. அங்க தீ எரியலனு அர்த்தம். 20 வருஷம் வண்டி ஓட்டறேன், இத இப்ப தான் பாக்கறேன்.

அதோட நிக்கல. ஐடிலிங்ல வெச்சு, துணி போத்தி, நாசிலுக்கு (சிலிண்டருக்குள்ள டீசல பீச்சறது) போற பைப் நட்ட ஒவ்வொண்ணா லூஸ் பண்ணார். ஒழுங்கா வேல செய்யற சிலிண்டர்ல லூஸ் பண்ணா இன்ஜின் இன்னும் மோசமா தள்ளாடும், மூணாவதுல மட்டும் எந்த மாத்தமும் இல்ல. நான் கிட்ட போய் எட்டி பாத்ததுக்கு செம திட்டு, பீச்சற டீசல் தோலுக்குள்ளயே பூந்துடும் கைய எடுடானு.

இங்க தான் எனக்கு அந்தாள புடிச்சு போச்சு. நேரா நாசில் மாத்துனு சொல்லல. மூணுல இருந்தத கழட்டி ஒண்ணுல போட்டார், ஒண்ணுல இருந்தத மூணுல போட்டார். கோளாறு மூணுலயே நின்னா வால்வு, கம்ப்ரஷன், இல்ல பம்ப்பு, இடம் மாறுனா நாசில். இப்ப ஒண்ணாவது தான் செத்து கிடக்கு, மூணாவது ஜம்முனு ஓடுது. "பாத்தியா, நாசில் கூடவே நடந்து வந்துடுச்சு. இதுக்கு போய் பம்ப்ப இறக்கறேன்னானா?"

டெஸ்டர்ல மாட்டி கைப்பிடிய அமுக்குனா, நல்ல நாசில் கிர்ருனு சத்தத்தோட பனி மாதிரி அடிக்குது, நம்மளது தெரு பைப் கணக்கா ஒழுகுது. பிரிச்சா ஊசில துரு. ரெண்டு மாசம் பாதி டேங்க்கோட நிறுத்தி வெச்சதுல உள்ள தண்ணி சேந்திருக்கும்னார். மத்த மூணையும் விடாம டெஸ்ட் பண்ணி, ஒண்ணுல பிரஷர் கம்மியா இருந்துச்சுனு ஷிம்னு ஒரு மெல்லிசு வாஷர் போட்டு சரி பண்ணார். பழைய காப்பர் வாஷர எல்லாம் தூக்கி போட்டுட்டு புதுசு, டேங்க் அடில தண்ணி வடிச்சது, டேப்பட் செட்டிங் (வால்வு இடைவெளி சரி பண்றது), நாசில் வேலையோட எல்லாம் சேத்து 2,650 ரூபா.

குறையே இல்லையானா, இருக்கு. பில் தர மாட்டார், பழைய டீசல் கேன்ல எழுதி காட்டுவார், கணக்கு வெச்சிருக்கறவங்களுக்கு கஷ்டம். உக்கார இடம் கிடையாது, டிரெய்லர் போற ஒவ்வொரு தடவையும் வாயெல்லாம் மண்ணு. போன் எடுக்கவே மாட்டார். பேச்சும் கறார் தான், நம்மள வண்டி ஓட்ட தெரியாதவன் மாதிரியே நடத்துவார், எனக்கு அது பரவால்ல, எங்க மச்சான் கோச்சுக்கிட்டு வந்துட்டான்.

மூணு வாரம் ஆச்சு, பேசின் பிரிட்ஜ் பாலம் மூணாவது கியர்லயே ஏறுது. காலைல ஒரு நிமிஷம் லேசா புகை இருக்கு, அது வண்டி வயசுக்கு சரி தான்னு விட்டுட்டேன். போறவங்க முந்தின நாள் சாயங்காலமே வண்டிய விட்டுடுங்க, வெள்ளிக்கிழமை மதியம் ஆள் தொழுகைக்கு போயிடுவார், 3 மணிக்கு மேல தான் வருவார்.