விதைப் பாடத்துக்கு யுஎஸ்பி நுண்ணோக்கி: எதற்கு உதவும், எதற்கு உதவாது

ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு சாதாரண நுண்ணோக்கிக்குள் பார்ப்பது ஐந்து வயதுப் பிள்ளைகளுக்கு எளிதில் வராது. கணினியில் செருகினால் படத்தைத் திரையில் காட்டும் யுஎஸ்பி நுண்ணோக்கி அந்தத் தடையை நீக்கிவிடுகிறது. வகுப்பு முழுவதும் ஒரே படத்தைப் பார்க்கிறது. ஆசிரியர் திரையில் விரல் வைத்து, ‘இதோ முளைவேர்’ என்று காட்டலாம். ஒரு வகுப்புக்கு ஒன்று போதும், வாங்கலாம்.

ஆனால் பெட்டியில் அச்சிட்டிருக்கும் ‘1000 மடங்கு’ என்பதை நம்ப வேண்டாம். மலிவான கருவிகளில் லென்ஸ் உண்மையில் தருவது பெரும்பாலும் 50 முதல் 200 மடங்குக்குள்தான். மற்றதெல்லாம் படத்தை இழுத்துப் பெரிதாக்குவது. விதைக்கு மிகக் குறைந்த உருப்பெருக்கமே நல்லது. அதைக் கூட்டக் கூட, தெளிவாகத் தெரியும் ஆழம் சுருங்கிவிடும். யாராவது மேசையைத் தொட்டாலே படம் கலங்கும். ஆகவே உருப்பெருக்க எண்ணைவிடத் தாங்கியைப் பார்த்து வாங்குங்கள். வளையும் கழுத்துள்ளவை மெல்லச் சரிந்துகொண்டே இருக்கும். கனமான அடித்தட்டும், ஏற்றி இறக்கும் திருகும் உள்ளதே நிற்கும்.

பெரும்பாலானவை கணினியின் கேமரா செயலியிலேயே இயங்கும். ஆண்ட்ராய்டு டேப்லெட்டுக்கு ஓடிஜி வசதி (யுஎஸ்பி கருவியை டேப்லெட்டிலேயே இணைக்க உதவுவது) தேவை. பாடத்துக்கு முந்தைய நாளே இணைத்துப் பார்த்துவிடுங்கள். வைஃபை மாதிரிகளில் படம் சற்றுப் பிந்தி வருவதால், விதையை நகர்த்திக் காட்டும்போது கையும் திரையும் ஒத்துப்போகாது.

முதல் பாடத்துக்கு இரவு முழுவதும் ஊறிய மொச்சை பொருத்தமானது. ஈரத்தைத் துடைத்துவிட்டு மெல்ல அழுத்தினால், விதை காயோடு ஒட்டியிருந்த தழும்புக்கு அருகிலுள்ள நுண்துளையிலிருந்து நீர்த்துளி கசிவது திரையில் தெரியும். பிறகு தோலை உரித்து இரு பருப்புகளையும் பிரித்தால் உள்ளே முளைவேரும் குருத்தும். ஈர விதையின் மேல் எல்இடி விளக்குகள் வெள்ளைப் புள்ளிகளாக மின்னிப் பாதியை மறைக்கும். அவற்றை அணைத்துவிட்டுப் பக்கவாட்டில் ஒரு மேசை விளக்கை வையுங்கள்; மேடு பள்ளம் நன்றாகத் தெரியும்.

விதையருகே மில்லிமீட்டர் அளவுகோல் கட்டாயம் இருக்கட்டும். இல்லையென்றால் திரையில் கண்டதையே உண்மை அளவென்று சிறு பிள்ளைகள் எண்ணிக்கொள்வார்கள். முதலில் உள்ளங்கையில் வைத்துப் பார்க்கட்டும், வரையட்டும், பிறகு திரை.

இந்தக் கருவி தன் விலைக்கு ஈடுசெய்வது வேர்த்தூவிகளில், அதாவது வேரில் வளரும் நுண்மயிர்களில்தான். மூடியுள்ள தட்டில் ஈரத்தாள் விரித்துக் கடுகைத் தூவினால், இரண்டு மூன்று நாளில் வேரைச் சுற்றி வெண்பஞ்சு போலத் தூவிகள் படரும். இதைப் பூஞ்சை என்று எண்ணிப் பலர் கொட்டிவிடுகிறார்கள். தூவிகள் முளைவேரில் மட்டும் ஒழுங்காக இருக்கும். பூஞ்சையோ விதைத்தோல், தாள் என எங்கும் பரவும். மூடியைத் திறந்து ஓரிரு நிமிடத்துக்குள் காட்டிவிடுங்கள். காற்றுப் பட்டால் தூவிகள் வாடி ஒட்டிக்கொள்ளும்.

குன்றிமணியும் ஆமணக்கும் திரையில் அழகாக இருக்கும். ஆனால் இரண்டும் கடும் நச்சு, வகுப்பறைக்குள்ளேயே வேண்டாம். சாயம் பூசிய விதைப்பு விதைகளில் பூச்சிமருந்து இருக்கலாம், அவையும் வேண்டாம். எந்த விதையும் வாய், மூக்கு, காதுக்குள் போகாமல் கண்காணிக்க வேண்டும்.

நாள்கணக்கில் வளர்ச்சியைப் பதிவுசெய்ய இந்தக் கருவி சரிப்படாது; முளை சில மணி நேரத்திலேயே படச்சட்டத்தைவிட்டு வெளியே போய்விடும். அதற்கு டேப்லெட்டே மேல். கண்ணாடிக் குவளைச் சுவருக்கும் ஈரத்தாளுக்கும் நடுவே பச்சைப்பயறைச் செருகி, 15 நிமிடத்துக்கு ஒரு படம் என்று அமையுங்கள். 5 நாளில் 480 படங்கள். நொடிக்கு 24 வீதம் ஓட்டினால் 20 நொடிக் காணொளி. குவியத்தையும் வெளிச்ச அளவையும் பூட்டிவிட்டு, விளக்கை எரிய விட்டு, சன்னலை மறைத்துவிடுங்கள். இல்லாவிட்டால் படம் மினுக்கும். டேப்லெட் சார்ஜரிலேயே இருக்கட்டும். தண்ணீரைக் குவளையை அசைக்காமல் சொட்டுக்குழாயால் விடுங்கள். வேர் இரண்டு சென்டிமீட்டர் நீண்டதும் குவளையைப் பக்கவாட்டில் சாய்த்து மீண்டும் பதிவுசெய்தால், நுனி கீழ்நோக்கித் திரும்புவது ஒரே நாளில் கிடைத்துவிடும்.