பொருளா, கூப்பனா, பணமா? நிவாரண நிதி கைக்குச் சேரும் மூன்று வழிகள்

ஒரு குடும்பத்துக்கு மாதம் 40 டாலர் மதிப்புள்ள உதவி. அதைக் கொண்டுபோய்ச் சேர்க்க எவ்வளவு செலவாகும்? 2011-இல் ஈக்வடாரின் வடக்குப் பகுதியில், கொலம்பிய அகதிகளும் உள்ளூர் ஏழைகளும் கலந்து வாழ்ந்த இடங்களில், ஐ.நா.வின் உலக உணவுத் திட்டம் மூன்று வழிகளையும் ஒரே நேரத்தில் செயல்படுத்தியது. ஆய்வாளர்கள் உடனிருந்து கணக்கெடுத்தார்கள். உணவுப் பொருளாகக் கொடுக்க சுமார் 11.50 டாலர், கூப்பனாகக் கொடுக்க 3.27, பணமாகக் கொடுக்க 2.99 டாலர் ஆனது.

இதோடு முடிந்திருந்தால் அலசலுக்கே வேலையில்லை. ஆனால் அதே ஆய்வில், சாப்பிட்ட கலோரியை அதிகம் கூட்டியது உணவுப் பொருள். தட்டில் காய், முட்டை, பால் என்று வகையைக் கூட்டியதில் முன்னால் நின்றது கூப்பன். செலவில் மலிவான பணம் இரண்டிலும் முதலிடம் பிடிக்கவில்லை. எதற்காகக் கொடுக்கிறோம் என்பதை முதலில் முடிவு செய்யாமல் எது சிறந்தது என்று கேட்டால் பதில் கிடைக்காது.

மூட்டையாகக் கொடுத்தால்

உணவுப் பங்கீட்டின் அடிப்படைக் கணக்கு தலைக்கு நாளொன்றுக்கு 2,100 கிலோகலோரி. வழக்கமான ஒரு கூடை: தானியம் 400 கிராம், பருப்பு 60, எண்ணெய் 25, சத்து சேர்த்த மாவு 50, சர்க்கரை 15, உப்பு 5. மொத்தம் 555 கிராம். கேட்க அற்பமாகத் தெரியும். ஐந்து பேர் கொண்ட 10,000 குடும்பங்களுக்கு ஒரு மாதத்துக்குப் பெருக்கினால் 832.5 டன், 20 டன் லாரி என்றால் 42 லோடு. ஒவ்வொரு லோடுக்கும் அனுப்புச் சீட்டு, எடை, இறக்கும் இடத்தில் கையெழுத்து, கிழிசல் கணக்கு எல்லாம் உண்டு.

சிக்கல் பெரும்பாலும் சின்ன இடத்தில்தான் தொடங்கும். தானிய மூட்டை 50 கிலோ. ஐந்து பேர் குடும்பத்தின் மாதப் பங்கு 60 கிலோ. ஆகவே ஐந்து குடும்பங்களை ஒரு குழுவாக்கி ஆறு மூட்டை கொடுத்து அவர்களையே பிரித்துக்கொள்ளச் சொல்லலாம். அங்கே குழுவில் குரல் உயர்ந்தவருக்கு அதிகம் போகும். இல்லையென்றால் விநியோக இடத்திலேயே அளந்து கொடுக்க வேண்டும். அளப்பவர் ஒவ்வொரு முறையும் படியைக் கோபுரமாகக் குவித்தால், மாலையில் வரிசையின் கடைசியில் நிற்பவர்களுக்கு இருக்காது. தலை தட்டி அளந்தால் காலையிலேயே கூச்சல் கிளம்பும். எடை குறித்த படியும், நடுவே சரிபார்க்க ஒரு தராசும், வரிசைக்கு முன்னால் எல்லோர் கண்ணிலும் படுகிற மாதிரி பங்கு அளவு எழுதிய பலகையும் இல்லாமல் விநியோகத்தைத் தொடங்கக் கூடாது.

கிடங்கில் மூட்டைகள் தரையைத் தொடாமல் பலகை மேல் இருக்க வேண்டும். சுவரிலிருந்து ஒரு மீட்டர் இடைவெளி வேண்டும். அது இல்லாவிட்டால் பூச்சி மருந்துப் புகை போடும்போது அடுக்கைச் சுற்றி விரிப்பை மூட முடியாது. முதலில் வந்தது முதலில் போக வேண்டும் என்ற விதி தானியத்துக்குப் போதாது, முதலில் காலாவதியாவதுதான் முதலில் போக வேண்டும். நூற்றுக்கு இரண்டு காலிச் சாக்குகளைக் கூடுதலாக வாங்கிவைப்பது வழக்கம். கிழிந்த மூட்டையை உடனே மாற்றித் தைக்காவிட்டால் சிந்தியதெல்லாம் ‘இழப்பு’ என்ற தலைப்பில் எழுதப்படும், அந்தத் தலைப்பின் நிழலில் சிந்தாததும் காணாமல் போகும்.

இவற்றையெல்லாம் விட அதிகம் செலவு வைக்கக்கூடியது துறைமுகம். வரிவிலக்குக் கடிதம் ஒரு வாரம் தாமதமானால் கப்பலுக்கும் கொள்கலனுக்கும் தாமதக் கட்டணம் ஏறிக்கொண்டே போகும். அதை ஏற்க நன்கொடையாளர்கள் பலர் மறுப்பார்கள். அமைப்பின் சொந்தப் பையிலிருந்துதான் போகும்.

இவ்வளவு சிரமம் இருந்தும் மூட்டை முறை நீடிப்பதற்குக் கொடுப்பவரின் நலனும் ஒரு காரணம். அமெரிக்க உணவு உதவி 1954-இல் தொடங்கியபோதே உபரி தானியத்துக்கு வழி தேடும் நோக்கம் அதில் கலந்திருந்தது. சரக்கில் குறைந்தது பாதி அமெரிக்கக் கொடிக் கப்பலில் போக வேண்டும் என்ற சட்டமும் சேர்ந்துகொண்டது. அந்தத் தானியத்தை வந்திறங்கிய நாட்டிலேயே விற்று, அந்தப் பணத்தில் திட்டங்களை நடத்துவது தொண்டு அமைப்புகளின் நீண்டகால வருமான வழியாக இருந்தது. அது செலவு பிடித்த வழி, உள்ளூர் விவசாயியின் விலையையும் கெடுக்கக்கூடும் என்று சொல்லி, ஆண்டுக்குப் பல கோடி டாலர் வருமானத்தை விட்டு விலகுவதாக ‘கேர்’ என்ற சர்வதேசத் தொண்டு அமைப்பு 2007-இல் அறிவித்தது. பெரிய அமைப்பொன்று தன் கணக்குப் புத்தகத்துக்கு எதிராகவே முடிவெடுத்த அபூர்வமான தருணம் அது.

பொருளைத் தவிர வேறு வழியே இல்லாத இடங்களும் உண்டு. சந்தை எரிந்துபோன ஊர், முற்றுகையிடப்பட்ட நகரம், கடையில் கிடைக்காத பொருள். தீவிர ஊட்டச்சத்துக் குறைபாடுள்ள குழந்தைக்கான நிலக்கடலைப் பசை 92 கிராம் பொட்டலத்தில் 500 கிலோகலோரி தருகிறது. தாயின் கையில் எவ்வளவு பணம் கொடுத்தாலும் அதைப் பக்கத்துக் கடையில் வாங்க முடியாது.

கூப்பன்

பொருளுக்கும் பணத்துக்கும் நடுவில் நிற்கிற வழி. நன்கொடையாளருக்கு ‘உணவுக்குத்தான் போனது’ என்ற நிம்மதி, குடும்பத்துக்குக் கொஞ்சம் தேர்வுரிமை. கெடுவது கடைக்காரர் பக்கத்தில். அமைப்பு பில்லை வாங்கி, சரிபார்த்து, பணம் கொடுக்க 30 நாள் எடுத்துக்கொண்டால் சின்னக் கடைக்காரரால் அவ்வளவு நாள் சரக்கைக் கடனில் கொடுத்துத் தாங்க முடியாது, அவர் விலகுவார். எஞ்சுவது இரண்டு மூன்று பெரிய கடைகள். கூப்பனோடு வருபவர் வேறெங்கும் போக முடியாது என்று அவர்களுக்குத் தெரியும், விலை ஏறும். ஆகவே பில்லுக்கு ஒரு வாரத்துக்குள் பணம், எந்தக் கடைக்கும் மொத்த வியாபாரத்தில் உச்சவரம்பு, கூப்பன் இல்லாத வாடிக்கையாளர் போல ஆள் அனுப்பி விலை விசாரிப்பது ஆகிய மூன்றும் ஒப்பந்தத்திலேயே இருக்க வேண்டும். பாதி விலைக்குக் கூப்பனை விற்றுக் காசாக்கும் குடும்பங்கள் கூடினால் அது ஒழுக்கப் பிரச்சினை அல்ல. வாடகையோ மருந்தோ அவசரம், கூப்பன் முறை அங்கே தவறான தேர்வு என்பதற்கான அறிகுறி அது.

பணம்

முதலில் குறைந்தபட்சச் செலவுக் கூடையைக் கணக்கிட வேண்டும்: உணவு, வாடகை, தண்ணீர், எரிபொருள், மருந்து, போக்குவரத்து, தொலைபேசி. அதிலிருந்து குடும்பம் தானே சம்பாதிப்பதையும் மற்ற அமைப்புகள் கொடுப்பதையும் கழித்தால் கொடுக்க வேண்டிய தொகை. அடுத்து சந்தை ஆய்வு: ஒவ்வொரு பொருளுக்கும் குறைந்தது மூன்று வியாபாரிகளிடம் விலையும், தேவை இரட்டிப்பானால் எத்தனை நாளில் சரக்கு வரவழைப்பார்கள் என்பதும். இரண்டாவது கேள்விதான் முக்கியம். பலரும் விலையை மட்டும் எழுதிக்கொண்டு திரும்பிவிடுகிறார்கள். பிறகு வங்கியோ மொபைல் பண நிறுவனமோ ஹவாலா முகவரோ (வங்கி வழியே போகாமல், நம்பிக்கையின் பேரில் பணம் கைமாற்றுபவர்) தேர்வு, நூறு குடும்பங்களுக்கு ஒரு சோதனைப் பட்டுவாடா, கொடுத்த இரண்டு முதல் நான்கு வாரத்துக்குள் வீடு வீடாக விசாரணை.

கெடும் இடங்கள் கிட்டத்தட்ட எல்லா நாட்டிலும் ஒன்றேதான். அடையாள அட்டையில் ஒரு எழுத்துக்கூட்டல், பட்டியலில் இன்னொன்று; பணம் திரும்பிவிடும். சிம் மகன் பெயரில், உதவி தாய் பெயரில். பின் நம்பரை முகவரிடமே சொல்லி எடுத்துத் தரச் சொல்வது, அவர் ‘கூலி’ பிடித்துக்கொள்வது. எல்லோருக்கும் ஒரே நாளில் பணம் அனுப்பிவிட்டு, முகவரின் கல்லாவில் நோட்டு இருக்கிறதா என்று கேட்க மறப்பது. கடைசியானதற்கு மருந்து எளிது: கிராமவாரியாகத் தேதியைப் பிரித்து அனுப்பினால் போதும்.

பணம் புழங்கினால் விலை ஏறிவிடும் என்ற அச்சம் நியாயமானதுதான், ஆனால் எல்லா இடத்துக்கும் பொருந்தாது. கென்யாவின் சியாயா பகுதியில் 10,000-க்கும் மேற்பட்ட ஏழைக் குடும்பங்களுக்குத் தலா சுமார் 1,000 டாலர் கொடுத்துப் பார்த்தபோது சராசரி விலையேற்றம் 0.1 சதவீதத்தின் அளவிலேயே இருந்தது. சாலையும் வியாபாரியும் இருந்த இடம் அது என்பதை மறக்கக் கூடாது. 2011-இல் தெற்கு சோமாலியாவில் பஞ்சம் அறிவிக்கப்பட்டபோது, அல்-ஷபாப் என்ற ஆயுதக் குழுவின் பிடியிலிருந்த பகுதிகளுக்கு உலக உணவுத் திட்டத்தின் லாரி போக முடியவில்லை, வியாபாரிகளின் லாரி போனது. பல அமைப்புகள் ஹவாலா வழியாகப் பணம் அனுப்பியதற்கு அதுவே காரணம். வழியில் ஆயுதக் குழுக்களும் முகாம் தரகர்களும் பங்கு பிடுங்கினார்கள். மூட்டைகளிலும் அவர்கள் பிடுங்கியதுண்டு.

எளிதில் கண்ணில் படாத இழப்பு நாணய மாற்றில் இருக்கிறது. லெபனானில் அதிகாரபூர்வ விகிதம் டாலருக்கு 1,507.5 பவுண்டில் நிற்க, 2019-க்குப் பிறகு வெளிச்சந்தை விகிதம் அதைப் பல மடங்கு தாண்டியது. டாலராக வந்த உதவி, சந்தையைவிடக் குறைந்த விகிதத்தில் பவுண்டாக மாறிப் போனபோது, வித்தியாசம் வங்கியில் தங்கியது. எந்தத் திருடனும் இல்லாமல், எந்த ரசீதிலும் பதியாமல் போன பணம் அது.

ஆண்டறிக்கையில் எது தெரியும், எது தெரியாது

நன்கொடையாளர்கள் பார்ப்பது ‘நிர்வாகச் செலவு சதவீதம்’. இந்த ஒப்பீட்டுக்கு அது கிட்டத்தட்டப் பயனற்றது. லாரி வாடகை, கிடங்கு, துறைமுகக் கட்டணம் எல்லாமே ‘திட்டச் செலவு’ என்றுதான் கணக்கில் ஏறும். நேரடிச் செலவின் மேல் ஐரோப்பிய ஒன்றியம் அனுமதிக்கும் 7 சதவீத மறைமுகச் செலவு மூட்டைக்கும் பணத்துக்கும் ஒன்றேதான். கேட்க வேண்டியது, மொத்தத்தில் எத்தனை பங்கு குடும்பத்தின் கையில் போய்ச் சேர்ந்தது என்பது.

ஒரு கற்பனை பட்ஜெட்: 5,000 குடும்பங்கள், மாதம் 80 டாலர், ஆறு மாதம். கொடுப்பது 24,00,000. பட்டுவாடாக் கட்டணம் 2 சதவீதம், 48,000. பதிவு, ஊழியர், கண்காணிப்பு 3,00,000. மேலே 7 சதவீதம் 1,92,360. மொத்தம் 29,40,360, கைக்குச் சேர்வது நூற்றுக்கு 81.6. இதையே 500 குடும்பங்களோடு நடத்தினால் கொடுப்பது 2,40,000, கட்டணம் 4,800. ஆனால் ஊழியர் செலவு பத்தில் ஒன்றாகச் சுருங்காது, 1,50,000 என்று வையுங்கள். 7 சதவீதமும் சேர மொத்தம் 4,22,436. கைக்குச் சேர்வது 56.8. அதே அமைப்பு, அதே நேர்மை. ‘பணமாகக் கொடுத்தால் மலிவு’ என்பது ஆயிரக்கணக்கில் போகும்போதுதான் உண்மையாகிறது. சின்னச் சின்ன முன்னோட்டத் திட்டங்களாகப் பிய்த்துக் கொடுக்கும் நன்கொடையாளர்கள் அந்த மலிவைத் தாங்களே கெடுக்கிறார்கள்.

பொருளாக வரும் நன்கொடையில் வேறொரு விளையாட்டு உண்டு. இலவசமாக வந்த மருந்துக்கும் ஆடைக்கும் எந்தச் சந்தை விலையை வருமானமாக எழுதுவது? விலையுயர்ந்த நாட்டின் மொத்த விலையை எழுதினால் வருமானமும் திட்டச் செலவும் ஒருசேர வீங்கி, நிர்வாகச் சதவீதம் அழகாகக் குறையும். ஆண்டறிக்கையில் ரொக்க வருமானத்தைத் தனியாகப் பிரித்துப் படிப்பது அதனால்தான்.

கடைசியாக, வழியை நடுவில் மாற்ற முடியுமா என்பது. மழையில் சாலை அடைபட்டால் பணத்திலிருந்து மூட்டைக்கும், அறுவடை வந்து சந்தை திறந்தால் மூட்டையிலிருந்து பணத்துக்கும் மாற வேண்டிவரும். இந்த இடத்துக்கு, இந்தப் பொருளுக்கு என்று கட்டிக்கொடுத்த நிதியில் அது முடியாது. திருத்த ஒப்புதல் வர ஆறு வாரம் ஆகலாம், அதற்குள் செய்த செலவைத் தணிக்கை தள்ளுபடி செய்யும். 2004 சுனாமி முடிந்த சில நாட்களிலேயே ‘எல்லைகளற்ற மருத்துவர்கள்’ அமைப்பு, சுனாமிக்கென்று இனி அனுப்ப வேண்டாம் என்றது; பிறகு, வந்ததை வேறு நெருக்கடிகளுக்குப் பயன்படுத்த அனுமதி தாருங்கள் என்று நன்கொடையாளர்களிடம் கேட்டது. தனிமனிதர்களின் பொது நிதியில் பெரும்பாலும் ஓடும் அமைப்புக்கு அப்படிக் கேட்க முடியும். அரசு மானியத்தில் ஓடும் அமைப்பு செய்யக்கூடியது, கையெழுத்திடும் முன்பே ஒப்பந்தத்தில் இரண்டு வரி சேர்ப்பது: எந்த விலை எத்தனை சதவீதம் ஏறினால் வழி மாறும், பணம்–பொருள் தலைப்புகளுக்கு இடையே எவ்வளவு தொகையை ஒப்புதல் இல்லாமல் நகர்த்தலாம்.