மலிவு விண்கலம்: அப்சர்வரா, டிஸ்கவரியா?

குறைந்த செலவில் கோள்களுக்குக் கலம் அனுப்ப எது நல்ல வழி? பிளானட்டரி அப்சர்வர், டிஸ்கவரி என்ற இரண்டு திட்டங்களில் நாசா இரு வழிகளையும் செய்து பார்த்திருக்கிறது.

யோசனை
பிளானட்டரி அப்சர்வர்: பூமியைச் சுற்றும் செயற்கைக்கோளின் உடலைச் சற்றே மாற்றி அனுப்புவது.
டிஸ்கவரி: ஒவ்வொரு பயணத்துக்கும் தனி வடிவமைப்பு, கறாரான செலவு வரம்பு.

செலவு
அப்சர்வர்: பறந்தது மார்ஸ் அப்சர்வர் ஒன்றுதான். 80 கோடி டாலரைத் தாண்டியது. இதுவா மலிவு?
டிஸ்கவரி: தொடக்க கால வரம்பு 15 கோடி டாலர், கலத்தை உருவாக்க 3 ஆண்டு.

நம்பகம்
அப்சர்வர்: 1993 ஆகஸ்ட் 21 அன்று, செவ்வாயைச் சுற்றத் தொடங்க 3 நாள் இருக்கையில் தொடர்பு அறுந்தது. 11 மாதப் பயணத்தில் வால்வு வழியே ஆக்சிகரணி (எரிபொருளை எரியவைக்கும் பொருள்) கசிந்து, தொட்டிகளுக்கு அழுத்தம் ஏற்றியபோது குழாய் வெடித்திருக்கலாம் என்றது விசாரணைக் குழு. பூமிச் சுற்றுப்பாதைக்கான அமைப்பு இத்தனை மாதக் காத்திருப்புக்கானது அல்ல. கடைசியில் திட்டமே கைவிடப்பட்டது.
டிஸ்கவரி: 1997-இல் பாத்ஃபைண்டர் காற்றுப்பைகளில் துள்ளி செவ்வாயில் இறங்கியது. 2002-இல் வால்மீன்களை ஆராய அனுப்பிய கான்டூர் தொலைந்தது, திட்டம் நிற்கவில்லை.

பூமிக்கருகே ஒரே மாதிரி வேலை என்றால் தயார் உடல் போதும். ஒவ்வொரு முறையும் புது இடம் என்றால் டிஸ்கவரி வழிதான். அப்சர்வர் கருவிகளில் பல, மாற்றுப் பிரதிகளாக 1996-இல் மார்ஸ் குளோபல் சர்வேயர் கலத்தில் ஏறிப் புறப்பட்டு, 1997-இல் செவ்வாய்க்குப் போய்ச் சேர்ந்தன.